திரியுள்ள மெழுகும் திரியற்ற மெழுகும்: மணத்தின் ஆயுள் பற்றிய ஒரு விளக்கம்

‘திரியற்ற மெழுகுதிரி’ என்னும் தொடர் தன்னுள்ளேயே முரண்பாட்டைக் கொண்டது. மெழுகும் திரியும் சேர்ந்ததே மெழுகுதிரி என்பது எமது மொழிவழக்கு. ஆயினும், சுடரின்றி வெப்பத்தால் மட்டும் உருகி மணம் பரப்பும் மெழுகுக் கட்டிகள் இன்று அப்பெயரிலேயே விற்பனையாகின்றன. இவ்விரண்டனுள் எதன் மணம் நீண்டகாலம் நிலைக்கும் என்னும் வினா அடிக்கடி எழுப்பப்படுகின்றது. இதனை அற்ப வினாவென ஒதுக்குதல் பொருந்தாது. வீட்டிலே மெழுகு வார்த்து விற்போர் வாங்கும் மூலப்பொருள்களுள் விலைகூடியது பெரும்பாலும் நறுமண எண்ணெயேயாகும். அது எங்கே செல்கின்றது என்பதை அறிதல், அவர்தம் உழைப்பும் முதலும் எங்கே செல்கின்றன என்பதை அறிதலாகும்.

முதலில் திரியுள்ள மெழுகுதிரியை நோக்குவோம். மைக்கல் பரடே 1848இலும், பின்னர் 1860–61 நத்தார்க் காலத்திலும் லண்டன் றோயல் நிறுவனத்தில் இளைஞர்க்கு ஆற்றிய விரிவுரைகளில் விளக்கியதுபோல, சுடரில் எரிவது திண்ம மெழுகன்று; மெழுகின் ஆவியே. சுடரின் வெப்பத்தால் உருகிய மெழுகு, மயிர்த்துளைமையினால் திரிவழியே ஏறி, ஆவியாகி எரிகின்றது. மெழுகிற் கலந்த நறுமண எண்ணெய்க்கு இங்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒரு பகுதி, திரியைச் சூழ்ந்துள்ள உருகிய மெழுகின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகி அறையிற் பரவும். மற்றொரு பகுதி மெழுகோடு திரியில் ஏறிச் சுடரில் எரிந்துபோகும். எரிந்த பகுதி மணமாக எமக்குக் கிட்டுவதில்லை. எனினும், மேலுள்ள மெழுகு எரிந்து குறையக் குறைய, கீழிருந்து மணமிழக்காத புதிய மெழுகு உருகிச் சேர்கின்றது. எனவே மணம் ஏறத்தாழ ஒரே அளவில் இறுதிவரை தொடரும். மெழுகின் ஆயுளும் மணத்தின் ஆயுளும் இங்கு ஒன்றே எனலாம்.

திரியற்ற மெழுகின் நிலை வேறு. இங்கு மெழுகு எரிவதில்லை. ஆகவே நறுமண எண்ணெயிலும் எப்பகுதியும் சுடருக்கு இரையாவதில்லை. ஆனால் உருகிய மெழுகு முழுவதிலிருந்தும் எண்ணெய் ஒருங்கே வெளியேறுகின்றது. அதனை ஈடுசெய்யப் புதிய மெழுகு சேர்வதில்லை. எண்ணெயின் செறிவு குறைய, அது வெளியேறும் வேகமும் குறைகின்றது. முதல் மணித்தியாலங்களில் மணம் மிகும். பின்னர் படிப்படியாக மெலியும். இறுதியில் மெழுகு எஞ்சியிருக்க மணம் மட்டும் நீங்கியிருக்கும். மெழுகின் ஆயுளும் மணத்தின் ஆயுளும் இங்கு பிரிந்துவிடுகின்றன.

இவ்வேறுபாட்டை ஓர் எடுகோட் கணக்கினால் தெளிவாக்கலாம். எண்ணெயும் சேர்த்து 200 கிராம் நிறையுள்ள மெழுகில் 6 சதவீதம், அதாவது 12 கிராம், நறுமண எண்ணெய் உள்ளதெனக் கொள்வோம். திரியுள்ள வடிவில் அது மணித்தியாலத்துக்கு 5 கிராம் வீதம் எரியுமாயின், 40 மணித்தியாலம் நின்றெரியும்; மணித்தியாலத்துக்கு 0.3 கிராம் எண்ணெய், காற்றுக்கும் சுடருக்குமாகப் பிரிந்து செலவாகும். அதே கலவையைத் திரியின்றி 20 துண்டுகளாக வார்த்து, ஒவ்வொன்றும் 8 மணித்தியாலம் மணக்குமெனக் கொண்டால், மொத்தம் 160 மணித்தியாலம் கிட்டும். ஆனால் மணித்தியாலத்துக்குச் சராசரியாக வெளிப்படும் எண்ணெய் 0.075 கிராம் மட்டுமே. மாறாக, 200 கிராமையும் ஒரே தட்டில் ஒருங்கே உருக்கினால், தொடக்கத்தில் மணம் அறையை நிரப்பினும் அது விரைவில் மெலியும். எனவே ‘நீடித்தல்’ என்பது தனித்த ஒரு பண்பன்று. மணத்தின் வலிமையைக் கொடுத்தே நீடிப்பு வாங்கப்படுகின்றது. வலிமையைக் குறிப்பிடாது மணித்தியாலத்தை மட்டும் கூறும் விற்பனை வாசகம் அரை உண்மையே.

மணப்பொருளின் இயல்பும் மனங்கொள்ளத்தக்கது. தோடைத் தோலெண்ணெயின் பிரதான கூறான லிமொனீனின் கொதிநிலை ஏறத்தாழ 176 செல்சியசு பாகை. கறுவா இலையெண்ணெயிலும் கராம்பெண்ணெயிலும் மிகுந்துள்ள யூஜினோலின் கொதிநிலை ஏறத்தாழ 254 பாகை. முன்னையது எளிதில் ஆவியாகி விரைவில் மறையும். பின்னையது மெல்ல வெளியேறி நெடுநேரம் நிற்கும். திரியற்ற மெழுகில், புளிப்பான பழமணம் முதலிற் போய்க் கறுவாமணம் எஞ்சுவதன் காரணம் இதுவே.

மணத்தின் ஆயுளை அளக்கும் கருவியாக எமது மூக்கையே கொள்வதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரே மணத்தைத் தொடர்ந்து நுகரும் புலன் அதற்குப் பழகி, சிறிது நேரத்தில் அதனை உணராதுவிடும். அறையிலிருப்பவர் ‘மணம் தீர்ந்தது’ என்கையில், வெளியிலிருந்து வருபவர் அதனை உடனே உணர்வார். ஆகவே ஒப்பிட விரும்புவோர் ஒரே மெழுகை, ஒரே எண்ணெயை, ஒரே அறையைக் கொள்ளல் வேண்டும்; மணத்தைத் தீர்மானிப்பவர் வெளியே சென்று மீள்பவராக இருத்தல் வேண்டும். துளிகளை எண்ணாது, நிறுத்தே எண்ணெயைச் சேர்த்தல் வேண்டும். திரியற்ற மெழுகை நுண்தராசில் முன்னும் பின்னும் நிறுப்பின், குறைந்த நிறை ஏறத்தாழ வெளியேறிய எண்ணெயின் நிறையாகும். வார்த்தவற்றை இறுக மூடி, வெயிலும் வெப்பமும் படாது வைத்தால் பயன்படுத்துமுன் நேரும் இழப்புக் குறையும்.

இனி, இப்பண்டத்தின் வரலாற்றுப் பின்னணியைச் சிறிது நோக்குதல் தகும். வில்லியம் வில்சன், பெஞ்சமின் லங்காஸ்ரர் ஆகியோர் 1830இல் லண்டனில் தொடங்கிய மெழுகுதிரி நிறுவனம், தேங்காய்க் கொழுப்பைப் பிரித்தெடுக்கும் உரிமத்தை வாங்கி, இலங்கையிலே தென்னந்தோட்டமும் கொண்டது. 1840இல் விக்ரோறியா அரசியின் திருமணத்தையொட்டி அது வெளியிட்ட மெழுகுதிரி, தேங்காய்க் கொழுப்பின் கூறும் ஸ்ரியரினும் கலந்ததாகும். ஆங்கில இல்லங்களின் ஒளியில் இந்நாட்டின் மண்ணும் உழைப்பும் கலந்திருந்தன என்பது இதனாற் பெறப்படும். இலங்கையின் தென்பகுதியில் வடிக்கப்படும் சிற்றனெல்லா எண்ணெயும் ஏற்றுமதிப் பண்டமாகவே வளர்ந்தது. பண்டத்தின் மணம் நுகர்வோரை அடைகின்றது. அதனை ஆக்கியோரின் உழைப்போ கண்ணுக்குத் தெரியாது மறைகின்றது.

திரியற்ற மெழுகு திரியினின்று விடுதலை பெற்றுவிட்டதா? உற்றுநோக்கின் இல்லை எனலாம். அதனை உருக்குவது அடியிலே எரியும் சிறுசுடராயின், திரி மேலிருந்து கீழே வந்துள்ளது. மின்தட்டாயின், எரிதல் ஓரளவு அனல்மின் நிலையத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் தடைப்பட்டபோது, மின்தட்டை நம்பிய மெழுகு வெறும் கட்டியாகவே கிடந்திருக்கும். திரியுள்ள மெழுகோ ஒளியும் தந்திருக்கும். ஆகவே, குறைந்த எண்ணெயில் மெல்லிய மணத்தை நெடுநேரம் வேண்டுவோர்க்குத் திரியற்றதைச் சிறு துண்டுகளாகப் பயன்படுத்துதல் ஏற்றது. இறுதிவரை மாறாத மணத்தையும் ஒளியையும் வேண்டுவோர்க்குத் திரியுள்ளதே ஏற்றது. எது சிறந்தது என்பதைப் பண்டத்தின் பெயரன்று, அதன் பயன்பெறுமதியே தீர்மானித்தல் வேண்டும்.