உஷார்! அந்த வெள்ளைப் புகைக்குக் கீழே ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான்

விளம்பரத்துக்காகப் பொருள்களைப் படமெடுக்கும் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களும், அங்கே அசிஸ்டென்ட்டாக வேலைக்குப் போகும் பிள்ளைகளும், அவர்களை அனுப்பிவைக்கும் வீட்டாரும் இதை அவசியம் படிக்க வேண்டும். அடுத்த ஷூட்டுக்கு முன்னால் படித்துவிடுங்கள்.

ஐஸ்கிரீம் கோப்பையைச் சுற்றித் தவழும் வெண்புகை, குளிர்பான பாட்டிலுக்குப் பின்னால் எழும் பனிமூட்டம். கிளையன்ட் கேட்பது இதைத்தான். இதற்குச் சட்டென்று கைக்கு வருவது ட்ரை ஐஸ். ஃபோன் செய்தால் தெர்மகோல் பெட்டியில் வாசலுக்கே வந்துவிடுகிறது. எந்த அறையில் போடப் போகிறீர்கள், அங்கே ஜன்னல் இருக்கிறதா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

உணவு டெலிவரி ஆப்கள் வந்தபிறகு தெருமுனை ஓட்டலுக்கும் மெனுப் படம் வேண்டியிருக்கிறது. பெரிய ஃப்ளோரை வாடகைக்கு எடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையே ஸ்டூடியோவாகிவிடுகிறது. வெளிச்சம் கசியக்கூடாது என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. கதவு சாத்தியிருக்கும், ஏசி ஓடும். ட்ரை ஐஸை வைத்து வேலை செய்ய இதைவிட மோசமான இடம் கிடையாது.

ட்ரை ஐஸ் என்பது உறைந்த கரியமில வாயு. அதன் குளிர் மைனஸ் 78 டிகிரி. அது உருகித் தண்ணீராவதில்லை, நேரே வாயுவாகிவிடும். ஒரு கிலோவிலிருந்து 500 லிட்டருக்கும் மேல் வாயு கிளம்பும். 10க்கு 12 அடி அறை, 9 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் மொத்தக் காற்றே சுமார் 30,000 லிட்டர்தான். புகை நன்றாக வர வேண்டும் என்று 5 கிலோவையும் வெந்நீரில் போட்டுத் தீர்த்தால், காற்றுப் போக வழியில்லாத அந்த அறையில் கரியமில வாயு 8 சதவீதத்தைத் தாண்டிவிடும். வெளியே நாம் சுவாசிக்கும் காற்றில் அது 0.04 சதவீதம். 4 சதவீதத்தையே உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு என்று தொழிற்பாதுகாப்பு வல்லுநர்கள் வைத்திருக்கிறார்கள். அதைப்போல் இரண்டு மடங்கில் நின்றால் சில நிமிடங்களிலேயே நினைவு தப்பலாம்.

ஏசிதான் ஓடுகிறதே என்பார்கள். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் குளிரவைத்துத் திரும்ப விடுகிறது.

இன்னொன்று. கண்ணுக்குத் தெரியும் அந்த வெண்புகை கரியமில வாயு அல்ல, குளிரில் திரண்ட நீர்த்துளிகள். வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை கலைந்துவிட்டதே என்று நிம்மதியாக உட்காரும்போது வாயு அங்கேயேதான் இருக்கிறது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தங்கும். தரையில் இருப்பது யார்? கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் அல்ல. மேசைக்கடியில் குனிந்து ரிஃப்ளெக்டர் பிடிக்கும் பையன், கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருக்கும் பெண். அநேகமாக நாள் சம்பளத்துக்கு வந்தவர்கள். தலைவலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் அடுத்த ஷூட்டுக்குக் கூப்பிட மாட்டார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பதறுவது இதை நினைத்துத்தான். அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள், நீங்களே கேளுங்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் மாஸ்கோவில் 2020 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். ஒரு பிறந்தநாள் விருந்தில் புகை அழகாக எழட்டும் என்று நீச்சல்குளத்தில் ட்ரை ஐஸைக் கொட்டினார்கள். 3 பேர் இறந்துபோனார்கள். 2024 மார்ச்சில் குருகிராம் உணவகம் ஒன்றில், வாய்க்கு மணமூட்டும் பொருள் என்று ட்ரை ஐஸைக் கொடுத்துவிட, சாப்பிட்டவர்கள் ரத்த வாந்தி எடுத்தார்கள். படப்பிடிப்பு முடிந்து மேசைமேல் மிஞ்சிக் கிடக்கும் வெள்ளைத் துண்டும் பார்ப்பதற்குச் சாதாரண ஐஸ் மாதிரியேதான் இருக்கும்.

இதே புகைக்காகத் திரவ நைட்ரஜனைத் தேடிப் போகாதீர்கள், அது ட்ரை ஐஸைவிடப் பொல்லாதது. மைனஸ் 196 டிகிரி குளிர், ஏறக்குறைய 700 மடங்கு விரியும். கரியமில வாயு கூடினால் மூச்சுத் திணறலாவது எச்சரிக்கும். நைட்ரஜன் நிறைந்த அறையில் திணறல்கூடத் தெரியாது. ஆள் அப்படியே சரிந்துவிடுவார். வீட்டு ஸ்டூடியோவுக்குள் அதைக் கொண்டுவரவே வேண்டாம்.

ட்ரை ஐஸ் இல்லாமலே புகை கொண்டுவரலாம். துணிக்கு ஆவி பிடிக்கும் ஸ்டீமரை உணவுக்குப் பின்னால் வைத்துக் கறுப்புப் பின்னணியில் எடுத்தால் ஆவி நன்றாகவே விழும். அல்லது புகையை மட்டும் மொட்டைமாடியில் தனியாக எடுத்து ஃபோட்டோஷாப்பில் சேருங்கள். ட்ரை ஐஸ்தான் வேண்டும் என்றால் கதவு ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, ஒரு ஷாட்டுக்கு ஒரு கைப்பிடி அளவு மட்டும் வெளியே எடுங்கள். தடித்த கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்துவிடும். பாட்டிலிலோ இறுக்க மூடும் டப்பாவிலோ அடைத்தால் வெடிக்கும். காரில் கொண்டுபோகும்போது கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

ஃபிளாஷைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரோப் விளக்குக்குள் இருக்கும் கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கும் மேல் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது போய்விடுவதில்லை. செகண்ட்ஹேண்டில் வாங்கிய விளக்கு எரியவில்லை என்று வீடியோ பார்த்துத் திருகாணியைக் கழற்றுகிறார்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள், அந்த மின்சாரம் ஆளைக் கொன்றுவிடும். பாட்டில்மேல் தண்ணீர் தெறிக்கும் ஷாட் எடுப்பதென்றால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாத லைனில் விளக்கைச் செருகவே கூடாது.

கண்ணாடிப் பளபளப்பைக் குறைக்க அடிக்கும் ஸ்பிரேயில் பெரும்பாலும் எரிவாயு இருக்கும். சுடச்சுட எரியும் மாடலிங் லேம்ப் பக்கத்தில் அதை அடிக்க வேண்டாம். பாலுக்குப் பதில் பசை, தேனுக்குப் பதில் என்ஜின் ஆயில் போட்டு அலங்கரித்த தட்டைப் படமெடுத்து முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் அழித்துவிடுங்கள். வாட்ச்மேன் வீட்டுக் குழந்தைக்கு அது நிஜப் பலகாரமாகத்தான் தெரியும்.

யாராவது மயங்கி விழுந்தால், பதறிக்கொண்டு நீங்களும் உள்ளே ஓடிக் குனியாதீர்கள். காப்பாற்றப் போனவரும் அவர் பக்கத்திலேயே விழுந்துவிடுவார். முதலில் கதவையும் ஜன்னலையும் முழுக்கத் திறங்கள், கறுப்புத் துணியைக் கிழித்தெறிந்தாவது திறங்கள். காற்று ஓட ஆரம்பித்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு போய் ஆளை வெளியே இழுத்துப் போடுங்கள். 108ஐக் கூப்பிட்டு, அறையில் ட்ரை ஐஸ் இருந்தது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.