துரைமார் விட்டுப்போன கார்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பண்டாரவளை, பூனாகலை, ஹப்புத்தளைப் பக்கம் வியாபாரத்துக்குப் போய்வரும் நம்மவர்களிடம் எப்போதாவது ஒருவர் மெதுவாகக் கேட்பார். "பங்களா கராஜில துரை காலத்துக் காரொன்று கிடக்கு, எடுக்கிறீங்களா நானா?" அது றோவராக இருக்கலாம், ஹம்பராக இருக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் ஜகுவார். கேட்கும் விலையும் மலிவாகத் தோன்றும். முதல் எங்கே முடங்கும் என்பதை அந்த விலை காட்டாது.

இந்தக் கார்கள் இங்கே தங்கியதற்குக் காரணம் உண்டு. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. இருந்ததையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுடைமையாகின. வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டனர். 1977 இல் பொருளாதாரம் திறந்ததும் ஜப்பான் வாகனங்கள் வந்து குவிந்தன. பழையவை கராஜுக்குள் தள்ளப்பட்டன.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, புத்தகத்தை. அந்தக் கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? தோட்டக் கம்பனியின் பெயரில் என்றால் நிதானியுங்கள். தோட்டங்கள் அரச நிறுவனங்களின் கைக்குப் போய், 1992 இல் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. இத்தனை கை மாறிய சொத்தை பங்களாக் காவற்காரரோ, கிளாக்கரோ விற்க முடியாது. தனியார் பெயரில் இருந்தாலும், நாலு பேர் கைமாறிய 'ஓப்பன் பேப்பரை' நம்பி காசு கொடுக்காதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரத்தை எடுத்து, செஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரிலுள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். பழைய ஸ்ரீ இலக்கமோ, அதற்கும் முந்திய ஆங்கில எழுத்து இலக்கமோ அப்படியே இருந்தால் சேகரிப்பாளர் மதிப்பார்.

அடுத்தது உடல். றோவர் பி4 (1949 முதல் 1964 வரை சுமார் 130,000 தயாரானது) தனிச் செஸியில் உடலை ஏற்றி வைத்த கார். பெரும்பாலானவற்றின் கதவும் பொனட்டும் அலுமினியக் கலவை, உக்காது. ஜகுவார் மார்க் 2 (1959-1967) அப்படியல்ல. அதற்குத் தனிச் செஸி இல்லை, தகரமே எலும்பு. கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதி உக்கினால் காரே தளர்ந்துவிடும். ஊவா மலையின் பனியும் ஈரமும் அங்கேதான் தேங்கும். மேலே பெயின்ட் மினுங்கும். கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்குரூ டிரைவரால் அடியில் குத்திப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

எஞ்சினைப் பற்றிப் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். ஜகுவாரின் எக்ஸ்கே எஞ்சின் 1992 வரை தயாரானது. பாகங்களை இன்றும் இங்கிலாந்திலிருந்து எடுக்கலாம். ஆனால் நம் நாட்டில் பெற்றோல் எஞ்சினைக் கழற்றி ஜப்பான் டீசல் எஞ்சின் பூட்டிய கார்கள் ஏராளம். ஓட்டுவதற்குச் சிக்கனம்தான், மீளமைத்து விற்பதற்குப் பெரும் நட்டம். இன்னொன்று: அக்காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். தெரியாத பாஸ் மாற்றிப் பூட்டினால் வயரிங் கருகும்.

உண்மையில் கையைக் கடிப்பது சின்னச் சாமான்கள். லைட் வளையம், கதவுப் பிடி, டாஷ்போர்டின் வால்நட் பலகை, குரோமியப் பட்டி. பஞ்சிகாவத்தையில் எல்லாம் கிடைக்கும் என்பது இந்த விடயத்தில் சரிவராது. ஓடுகிற, ஆனால் பாதிச் சாமான் இல்லாத காரைவிட, ஓடாத, முழுதாக இருக்கிற காரே மேல்.

நமக்கொரு வசதியும் உண்டு: கைவேலை. தகரம் தட்டுபவரும், குஷன் தைப்பவரும், மரவேலைக்காரரும் இங்கிலாந்தைவிடக் குறைந்த கூலிக்குக் கிடைக்கிறார்கள். 1990களில் இங்கிலாந்தின் மொறிஸ் மைனர் நிறுவனமொன்று அந்தக் காருக்கான உடற்தகடுகளை இலங்கையிலேயே செய்வித்து எடுத்தது. ஆனால் முடித்த காரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: 1945 க்கு முன் இங்கு முதலில் பதிவான பயணிகள் காருக்கு ஏற்றுமதி அனுமதிப்பத்திரம் தேவை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய வாகனங்களின் விலையெல்லாம் ஏறியது. 2025 இல் இறக்குமதி மீண்டும் திறந்துவிட்டது. அந்த ஐந்து வருட விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வேலை முடிய இரண்டு, மூன்று வருடமாகலாம். அதுவரை அந்தப் பணம் கடைக்குள் சுழலாது.

வாங்கினால், அங்கேயே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டாம். பல வருடம் நின்ற எஞ்சினின் சிலிண்டரில் எண்ணெய் விட்டு, கையால் சுற்றிய பிறகே மற்ற வேலை. பிரேக்கும் செத்திருக்கும். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பூனாகலை வளைவுகளில் இறங்காமல், லொறியில் ஏற்றியே கொண்டுவாருங்கள்.