யார் கையில் நம் காலடிச் சுவடு?

ஆலைச் சங்கு ஊதுகிறது. கால் தானாக நடக்கிறது. அதே தெரு, அதே பேருந்து, அதே வாயில். நாளை நாம் எங்கே இருப்போம் என்று சொல்ல ஆரூடக்காரன் வேண்டுமா? வேண்டாம். சட்டைப்பையிலே இருக்கும் கைபேசி போதும்!

பேசும்போதெல்லாம் அது அருகிலுள்ள கோபுரத்தை நாடுகிறது. இடமும் நேரமும் கம்பெனிக் கணக்கிலே ஏறிவிடுகின்றன. அமெரிக்காவிலே பாராபாசியும் கூட்டாளிகளும் 50,000 பேரின் மூன்று மாதக் கணக்கை ஆராய்ந்தார்கள். மனிதனின் நடமாட்டத்தை 93 விழுக்காடு வரை முன்கூட்டியே சொல்ல இயலும் என்று 2010-இல் அறிவித்தார்கள்.

நன்மை இல்லையா? உண்டு. ஆப்பிரிக்காவின் அபிஜான் நகரிலே 5 லட்சம் கைபேசிகளின் சுவட்டைக்கொண்டு, பேருந்துத் தடங்களை மாற்றினால் பயண நேரம் பத்திலொரு பங்கு குறையும் என்று 2013-இல் கண்டார்கள். வாழ்த்துகிறோம்!

ஆனால், "பெயரை நீக்கிவிட்டோம், அஞ்சாதீர்" என்கிறார்களே, நம்பலாமா? அதே 2013-இல் 15 லட்சம் பேரின் கணக்கை ஆராய்ந்தவர்கள் கண்டதென்ன? இன்ன நேரத்தில் இன்ன இடம் என்று நான்கு குறிப்பு கிடைத்தால், நூற்றுக்கு 95 பேரைத் தனியே பிரித்துவிடலாம்! வீடு, ஆலை, தேநீர்க்கடை, சங்கக் கட்டிடம் – தீர்ந்தது கதை!

பேருந்து விட உதவும் அதே கணக்கு, சங்கத்துக்குப் போனவன் யாரென்று முதலாளிக்குக் காட்டிக்கொடுக்கவும் உதவும். விஞ்ஞானத்தை நாம் வெறுக்கவில்லை. கேள்விதான் கேட்கிறோம்: எதற்காக எடுக்கிறாய்? எத்தனை நாள் வைத்திருப்பாய்? யாருக்குக் கொடுப்பாய்?

நடப்பது நம் கால். சுவடு மட்டும் அவன் சொத்தா? கேட்போம், விடை வரும்வரை கேட்போம்!