பொதுநலச் சங்கம்: ஆளும் பொருளும் பணியும்

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் உள்ளது துவாஸ். முன்னாளில் அது மீனவர் வாழ்ந்த சிற்றூர். கடலில் தழைகளை இட்டு நிழல் உண்டாக்கி, அந்நிழலை நாடி வரும் மீன்களைப் பிடிக்கும் முறையை மலாய் மொழியில் 'மெனுவாஸ்' என்பர். அச்சொல்லிலிருந்தே ஊர்ப்பெயர் பிறந்தது என்று கூறுவர். இன்று அங்கே தொழிற்சாலைகளும், கப்பல் பட்டறைகளும், 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் முறையாகத் திறந்துவைக்கப்பட்ட பெருந்துறைமுகமும் உள்ளன. ஜொகூரையும் துவாசையும் இணைக்கும் இரண்டாம் பாலம் 1998ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் திறக்கப்பட்டது. அன்று தொட்டு நம் தோட்டப்புற இளைஞர் பலருக்கு அப்பாலமே பிழைப்புக்கு வழியாயிற்று.

நம் பள்ளியின் முன்னாள் மாணவர் சிலர் அங்குப் பணிபுரிகின்றனர். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, இருட்டிய பின் இல்லம் திரும்புவோர் அவர்கள். சென்ற விடுமுறையில் அவர்கள் எம்மைக் கண்டு, பொதுநலச் சங்கம் ஒன்று அமைக்க விரும்புவதாகக் கூறினர். உறுப்பினரைச் சேர்ப்பது எவ்வாறு, நிதி திரட்டுவது எவ்வாறு, எப்பணியை முதலில் மேற்கொள்வது என வினவினர். அம்மூன்று வினாக்களுக்கும் யாம் அறிந்த அளவில் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறுப்பினர்

சங்கம் என்றவுடன் பெருங்கூட்டம் வேண்டுமென்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. உலகெங்கும் பரவியுள்ள ரோட்டரி சங்கம், 1905ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞரும் அவருடைய நண்பர் மூவரும் கூடித் தொடங்கியதே. அவர்கள் முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் அலுவலகத்தில் கூடினர். அச்சுழற்சியே சங்கத்தின் பெயராயிற்று. மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி எழுவர் சேர்ந்தாலே அது சங்கம். அதனைப் பதிவு செய்தல் வேண்டும். சிங்கப்பூரில் அவ்வெண்ணிக்கை பதின்மர்.

துவாசில் பணிபுரிவோருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒருவருக்குப் பகல் வேலை, மற்றொருவருக்கு இரவு வேலை. எல்லாரும் ஒரே நேரத்தில் கூடுதல் அரிது. ஆதலின் கூட்டத்திற்கு வாராதவரை நீக்குவோம் என விதி செய்தல் பொருந்தாது. உழைப்பைத் தருவோர், பொருளைத் தருவோர் என இரு வகையாகப் பணியைப் பங்கிடலாம். பொருளாளர் மட்டும் ஊரிலேயே தங்கியிருப்பவராக இருத்தல் நலம். இல்லத்தரசியரையும் உறுப்பினராக்குதல் வேண்டும். பகற்பொழுதில் தோட்டத்தில் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்தவர் அவர்களே.

நிதி

நிதியைப் பற்றிக் கூறுமுன் எம் பிழையொன்றைக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு தோட்டத்தில், பள்ளி நூலகத்திற்கென்று வீடுவீடாகப் பணம் திரட்டினோம். அதே வேளையில் திருவிழாச் செலவிற்கும் பணம் திரண்டது. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தோம். திருவிழா முடிந்தபோது எது எதற்குரியது என்பது எவருக்கும் விளங்கவில்லை. ஒருவரும் ஒரு காசும் களவாடவில்லை. ஆயினும் ஊரார் இரண்டு பட்டனர். புத்தக அலமாரி வாங்கப்படவேயில்லை. கணக்கை எழுதாதது எம் குற்றமே.

லயன்ஸ் சங்கத்தினர் கைக்கொள்ளும் நெறி இங்கே நினைக்கத்தக்கது. மெல்வின் ஜோன்ஸ் என்பார் 1917ஆம் ஆண்டு தோற்றுவித்த அச்சங்கத்தில் நிதி இரு கூறாக நிற்கும். கூட்டச் செலவு, அஞ்சல் செலவு போன்றவை உறுப்பினர் சந்தாவிலிருந்து வரும். பொதுமக்களிடம் பெற்ற பணமோ பொதுமக்களுக்கே சேரும். இந்நெறியை எம் இளமையில் யாம் அறிந்திருந்தால் அந்த அலமாரி இன்றும் நின்றுகொண்டிருக்கும்.

செல்வர் ஒருவரின் பெருங்கொடையினும் பலருடைய சிறுகொடை நிலைத்து நிற்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1950களில் தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் தொடங்கி, மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையின் நூலகத்திற்காக ஆளுக்கு ஒரு வெள்ளி வேண்டினார். 1960ஆம் ஆண்டு தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்திற்காகத் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் நடந்தார். துண்டாடப்பட்டு வந்த தோட்டங்களைத் தொழிலாளரே சிறு தவணைகளில் பங்கு செலுத்தி வாங்கினர். 1991இல் அமைந்த சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமாகிய சிண்டாவிற்கு இந்திய வம்சாவளி ஊழியரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் தொகை பிடிக்கப்படுகிறது. 2015ஆம் ஆண்டு அமைந்த விகிதப்படி 1,000 வெள்ளிக்கு மேற்படாத ஊதியத்திற்கு 1 வெள்ளி. 15,000 வெள்ளிக்கு மேற்பட்டால் 30 வெள்ளி. விரும்பாதோர் விலகிக்கொள்ளலாம். அவரவர் ஆற்றலுக்கேற்ற அளவு, மாதம் தவறாத முறை, விலகும் உரிமை ஆகிய மூன்றும் நம் சங்கத்திற்கும் பொருந்தும்.

மாதம் தவறாத முறையை ஏன் வலியுறுத்துகிறோம்? 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் துவாசில் ஒரு பட்டறையில் வெடி விபத்து நிகழ்ந்தது. மூன்று வெளிநாட்டுத் தொழிலாளர் இறந்தனர், எழுவர் காயமுற்றனர். செய்தியறிந்த சிங்கப்பூர் மக்கள் தாமே முன்வந்து அக்குடும்பங்களுக்காக நிதி திரட்டினர். துயரம் கண்முன் நிற்கும்போது மக்கள் மனம் இரங்கும். கை தானே நீளும். ஆனால் செய்தித்தாளில் வாராத துயரங்களே உலகில் மிகுதி. அவற்றுக்கு மாதச் சந்தாவே துணை.

பணி

எப்பணியை மேற்கொள்வது? சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், கஃப் சாலையில், 2008ஆம் ஆண்டு முதல் ஒரு தொண்டு நிறுவனம் இலவச உணவு வழங்கத் தொடங்கியது. காயமுற்றும் சம்பளம் கிட்டாமலும், வழக்கு முடியும்வரை வேலை செய்ய இயலாமற் காத்திருந்த வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அவ்வுணவு பசி தீர்த்தது. அதனோடு நில்லாமல், உண்ண வந்தவர் தம் குறைகளைத் தொண்டர்களிடம் கூறினர். சம்பளச் சிக்கல்களும் மருத்துவச் சிக்கல்களும் வெளிப்பட்டன. நாள்தோறும் தேவையுடையோரைச் சந்திக்க வைக்கும் பணியே அடுத்த பணியையும் காட்டித் தரும் என்பது இதனால் விளங்கும்.

நம் இளைஞர் முதலில் பந்தாட்டப் போட்டியும் சுழற்கிண்ணமும் எண்ணியுள்ளனர். அவை வேண்டாதவை அல்ல. எனினும் எம் கண்முன் உள்ள ஒன்றைக் கூறுகிறோம். தாய் தந்தை இருவரும் பாலம் கடந்து செல்லும் வீடுகளில், பள்ளி விட்ட பின் இரவு எட்டு மணிவரை பிள்ளைகள் தனித்தே உள்ளனர். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி தம்பிக்குச் சோறாக்கி ஊட்டிவிட்டு, வீட்டுப் பாடம் எழுதாமல் வந்து நிற்கிறாள். அவளைக் கடிந்துகொள்ள எம்மால் இயலவில்லை.

மாலையில் பள்ளி மண்டபத்தில் இரண்டு மணி நேரப் படிப்பு வகுப்பு நடத்தலாம். முப்பது உறுப்பினர் மாதம் 10 ரிங்கிட் தந்தால் 300 ரிங்கிட் ஆகும். மாதத்தில் இருபது நாள் எனக் கொண்டால் நாளுக்கு 15 ரிங்கிட். இருபது பிள்ளைகளுக்கு அவித்த கடலையும் தேநீரும் அதில் அடங்கும். மண்டபமும் விளக்கும் பற்றிப் பள்ளி வாரியத்திடம் யாம் பேசுவோம். விடுமுறை கிட்டும் நாளில் முன்னாள் மாணவர் ஒருவர் வந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தால், அப்பிள்ளைகள் அவரைத் தம் வாழ்நாளில் மறவார்.

முடிவுரை

வள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்திற்கு முன் ஒப்புரவறிதலை வைத்தார். இரந்தவருக்குக் கொடுப்பதற்கு முன்பே, ஊரோடு சேர்ந்து வாழும் கடமையை அறிதல் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையின் கருத்தென யாம் கொள்கிறோம்.

துவாஸ் மீனவர் இட்ட நிழல் மீனைப் பிடிப்பதற்கு. நம் இளைஞர் இடவிருக்கும் நிழல் பிள்ளைகளைக் காப்பதற்கு. அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கூறட்டும். மண்டபக் கதவைத் திறந்து வைக்கிறோம். வரும்போது இரண்டு கணக்குப் புத்தகங்களை மறவாமல் வாங்கி வருக. ஒன்று போதாது.