வல்லாஹி: வெறும் வாய்ச்சொல்லா?

இலண்டனிலிருந்து விடுமுறைக்கு அக்குறணை வரும் நம் உறவினரின் பிள்ளைகள் பேசும்போது, 'வல்லாஹி' என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. பிள்ளைகள் மார்க்கப் பற்றோடு வளர்கிறார்கள் எனப் பெரியவர்கள் மகிழ்கின்றனர். ஆனால் இச்சொல் இன்று பிரித்தானிய இளைஞரின் கொச்சை வழக்குகளுள் ஒன்றாகிவிட்டது. முஸ்லிம் அல்லாதோரும் இதனைத் தாராளமாகக் கையாளுகின்றனர்.

'அல்லாஹ்வின் மீது ஆணையாக' என்பதே இதன் பொருள். முதலில் நிற்கும் 'வ' அறபு மொழியில் சத்தியத்தைக் குறிக்கும் எழுத்தாகும். பில்லாஹி, தல்லாஹி என்பனவும் இப்பொருளினவே. 1991இல் சோமாலிய அரசு வீழ்ந்த பின்னர் பெருந்தொகையான சோமாலியர் பிரித்தானியாவில் குடியேறினர். அவர்களும் அறபு மக்களும் ஏனையோரும் ஒரே தெருவிலும் ஒரே பாடசாலையிலும் பழகியபோது இச்சொல் பொதுவழக்காயிற்று. அங்கே அது 'உண்மையாகத்தான்' என்ற அழுத்தத்தையும், வினாவாக வரும்போது 'மெய்யாகவா?' என்ற வியப்பையும் உணர்த்துகிறது. சுவீடன், டென்மார்க், ஜேர்மனி நகரங்களிலும் இளைஞர் நாவில் 'வல்லா' என வழங்குகிறது.

இது பாவமாகுமா? மனத்தில் உறுதி கொள்ளாமல் நாத்தவறி வரும் வீண் சத்தியத்திற்காக இறைவன் குற்றம் பிடிப்பதில்லை என்கிறது திருக்குர்ஆன். பேச்சுவாக்கில் 'இல்லை, வல்லாஹி', 'ஆம், வல்லாஹி' என்பது இவ்வகையே என ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கியுள்ளார்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடும் அதுவே. ஆனால் உறுதியோடு செய்த சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ வழங்க வேண்டும். இயலாதவர் மூன்று நாள் நோன்பு நோற்க வேண்டும். பொய்யென அறிந்தே சத்தியம் செய்வதோ பெரும் பாவங்களுள் ஒன்று.

ஆகவே இலண்டன் பிள்ளைகளை மட்டும் கடிந்து பயனில்லை. நமது ஊர் வணிகத்தால் வளர்ந்த ஊர். கண்டி-மாத்தளை வீதியோரக் கடைகளில் 'வல்லாஹி, வாங்கிய விலைக்கே தருகிறேன்' என்று நாம் சொல்லும்போது, அது நாத்தவறி வந்த சொல்லன்று. விலையை நம்பவைக்கச் சொன்ன சொல். சத்தியம் சரக்கை விற்றுத்தரும், ஆனால் பரகத்தை அழித்துவிடும் என்பது நபிகளார் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை.

பிள்ளை பொருளறியாமல் சொல்கிறது. பொருளறிந்த நாமோ இலாபத்திற்காகச் சொல்கிறோம். இவ்விரண்டில் எது பாரதூரமானது? பிள்ளைக்குப் பொருளைக் கற்றுக்கொடுப்போம். அதற்கு முன், நமது நாவை நாம் காத்துக்கொள்வோம்.