நான்கு குதிரைகளின் உயிர்

பத்தாம் நிலையை எட்டிய ஒரு போர்வீரனுக்கு 85 ஹிட் பாயின்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவனைச் சாய்க்கத் தேவைப்படும் தாக்குதலில் நான்கு பெரிய போர்க்குதிரைகளைக் கொன்றுவிடலாம். எப்பேர்ப்பட்ட சூரனானாலும் மனித உடம்பு இத்தனையைத் தாங்கும் என்று நினைப்பது நகைப்புக்குரியது. இந்தக் கணக்கைப் போட்டு இப்படி எழுதியவர், ஆட்டத்தைப் படைத்த இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ். எழுதிய இடம், 1978இல் வெளியான அதன் விதிப்புத்தகம்.

ஆட்டத்தின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர். பாழடைந்த கோட்டை, அதில் பதுங்கியிருக்கும் அரக்கர்கள், வழிப்போக்கர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள். வாள் பட்டதா இல்லையா என்பதை 20 முகப் பகடை சொல்லும். பட்டால் இன்னொரு பகடையை உருட்டி, விழுந்த எண்ணை எதிராளியின் ஹிட் பாயின்டிலிருந்து கழிக்க வேண்டும். காகிதத்தில் பென்சிலால் எழுதி அழித்து எழுதப்படும் அந்த எண் பூஜ்யத்துக்கு வந்தால் ஆள் காலி.

விதி இவ்வளவுதான். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று கேட்டால்தான் சிக்கல். ரத்தமா, உடல் வலிமையா, அதிர்ஷ்டமா? ஆட்டம் பிறந்து 50 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது; ஆட்டக்காரர்களின் வாக்குவாதம் ஓயவில்லை.

இந்த எண் வந்த வழியைப் பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். 1971இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டை வெளியிட்டார்கள். சிறு பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்தி இடைக்காலப் போர்களை நடத்தும் ஆட்டம் அது. சாதாரணச் சிப்பாய்க்கு ஓர் அடி விழுந்தால் பொம்மையை எடுத்து வைத்துவிட வேண்டியதுதான். அதன் கற்பனைப் பகுதியில் 'ஹீரோ' என்றொரு பொம்மை உண்டு. அவன் நான்கு பேருக்குச் சமம்; 'சூப்பர் ஹீரோ' எட்டுப் பேருக்கு. 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது, நான்காம் நிலை வீரனின் பட்டம் ஹீரோ, எட்டாம் நிலை வீரனின் பட்டம் சூப்பர் ஹீரோ. அனுபவம் கூடக் கூட வீரன் ஏறும் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பகடை வீதம் ஹிட் பாயின்ட். நான்கு ஆளுக்குச் சமமானவனுக்கு நான்கு ஆளின் உயிர் என்ற பழைய கணக்கு அப்படியே உள்ளே வந்துவிட்டது.

இன்னொரு கிளை கடலிலிருந்து வந்தது. ஆட்டத்தின் மற்றொரு படைப்பாளியான டேவ் ஆர்னெசன், மினசோட்டாவில் நண்பர்களோடு 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டில் ஆட்டம் நடத்திவந்தார். ஒரே வெட்டில் அரக்கனைக் கொன்றால் அவர்களுக்குக் கொண்டாட்டம். அதே ஒரே வெட்டில் தங்கள் வீரன் செத்தால் பொறுக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக்கவசக் கப்பல்களை வைத்துத் தாம் ஏற்கெனவே உருவாக்கியிருந்த விதிகளிலிருந்து ஹிட் பாயின்டை எடுத்துக்கொண்டதாக ஆர்னெசன் பின்னாளில் சொன்னார். கப்பலுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். 1862 மார்ச் 9 அன்று மானிட்டர், விர்ஜினியா என்ற இரண்டு கவசக் கப்பல்கள் மணிக்கணக்கில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டும் எதுவும் மூழ்கவில்லை. கப்பலில் எத்தனை குண்டு பட்டது என்று எண்ணலாம். அதையே மனிதனுக்குப் போட்டால் நான்கு குதிரைகளின் உயிர் ஒருவனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கைகாக்ஸ் சொன்ன சமாதானம் சாமர்த்தியமானது. அந்த எண்ணில் ஒரு சிறு பங்குதான் உடம்பு. மீதி போர்த்திறன், அதிர்ஷ்டம், தெய்வ அருள், மந்திரக் காப்பு. புதிய வீரனின் நெஞ்சைத் துளைத்திருக்கும் வாள்வீச்சு, பழுத்த வீரனைக் கீறிவிட்டுப் போகும். கடைசி நொடியில் அவன் விலகியிருப்பான். நாற்பது, ஐம்பது பாயின்ட் போன பிறகும் அவன் மேல் சிராய்ப்பும் கன்றிப்போன தடமும்தான் இருக்கும் என்று 1979இல் வந்த அடுத்த நூலில் விளக்கினார். வில்லிபாரதக் கர்ணனை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அம்பு தைத்தும் அவன் உயிர் போகவில்லை. அந்தணர் வேடத்தில் வந்த கண்ணன் அவன் புண்ணியம் முழுவதையும் தானமாக வாங்கிய பிறகே போகிறது. கர்ணனின் ஹிட் பாயின்டில் பெரும்பங்கு புண்ணியம்.

விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் விதிகள் அதற்குக் கட்டுப்படுவதில்லை. மலையுச்சியிலிருந்து விழுவதை எடுத்துக்கொள்ளலாம். பத்து அடி உயரத்துக்கு ஓர் ஆறுமுகப் பகடை, அதிகபட்சம் இருபது பகடை. 200 அடி பள்ளத்தில் விழுந்தால் சராசரியாக 70 பாயின்ட் போகும். நம் 85 பாயின்ட் வீரன் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு நடப்பான். பாறையிடமிருந்து எந்த வாள்திறனால் விலகினான்?

வைத்தியக் கணக்கு இன்னும் வேடிக்கை. லேசான காயத்தை ஆற்றும் மந்திரம் எட்டுமுகப் பகடை அளவுக்கு உயிரைத் திருப்பித் தரும். ஐந்து பாயின்ட் மட்டுமே உள்ள காவல் சிப்பாயைச் சாவின் விளிம்பிலிருந்து முழுசாக மீட்க அது போதும். பெரும் வீரனுக்கோ அதே மந்திரம் ஒரு சிராய்ப்புக்கு மருந்து. 1979 விதிப்படி ஓய்வெடுத்தால் நாளுக்கு ஒரு பாயின்ட்தான் திரும்பும். நான்கு வாரம் தொடர்ந்து படுத்திருந்தால் முழுதும் திரும்பும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் எட்டு மணி நேர ஓய்வு போதும், எல்லாம் பழையபடி. எலும்பு முறிந்தவன் காலையில் துள்ளி எழ மாட்டான். எனவே புதிய விதி, இழந்தது ரத்தமே இல்லை என்று சொல்லாமல் சொல்கிறது.

அதை உரக்கச் சொன்னது 2008இன் நான்காம் பதிப்பு. அதில் 'வார்லார்டு' என்ற படைத்தலைவன் உற்சாக வார்த்தை சொல்லியே தோழனின் ஹிட் பாயின்டை ஏற்றுவான். சத்தம் போட்டால் புண் மூடுமா என்று ஒரு கூட்டம் கொதித்தது. புண் என்று யார் சொன்னது, சோர்ந்த மனம்தானே என்று மறு கூட்டம் கேட்டது. கைகாக்ஸின் விளக்கத்தை ஒப்புக்கொண்டால் இரண்டாம் கூட்டத்தின் பக்கமே நியாயம். இருந்தும் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை நூலில் வார்லார்டுக்கு இடமில்லை. அந்த நூல் நடுவழி ஒன்றைக் காட்டுகிறது: பாதிக்கு மேல் இருக்கும்வரை காயம் எதுவும் தெரியாது, அதற்குக் கீழே போனால் வெட்டும் கன்றலும், பூஜ்யமாக்கும் அடிதான் நேராக உடம்பில் இறங்குவது.

இவ்வளவு ஓட்டை உள்ள எண் ஏன் நிலைத்தது? ஆட்டக்காரருக்கு அது மருத்துவ அறிக்கையாகத் தேவைப்படவில்லை. இன்னும் ஒரு சுற்று நின்று பார்க்கலாமா, ஓடிவிடலாமா என்று முடிவெடுக்கத்தான் தேவைப்பட்டது. 12 பாயின்ட் மீதி, எதிரியின் வாள் ஒரு வீச்சுக்கு எட்டு வரை எடுக்கும் என்றால் கணக்கு கண்முன் இருக்கிறது. ஒரே பாயின்ட் மிச்சமிருப்பவனும் 85 உள்ளவனைப் போலவே வாள் வீசுவான் என்பது யதார்த்தத்துக்குப் பொருந்தாது. ஆனால் முதல் அடி வாங்கியவன் அதனாலேயே தளர்ந்து, தளர்ந்ததாலேயே அடுத்த அடியும் வாங்கிச் சரியும் அலுப்பு இதில் இல்லை. கடைசிப் பாயின்டோடு டிராகனை வீழ்த்தும் வாய்ப்பு கடைசிவரை உயிரோடு இருக்கிறது.

உண்மைத்தன்மை வேண்டியவர்கள் வேறு வழி தேடினார்கள். 1977இன் 'டிராவலர்' விண்வெளி ஆட்டத்தில் அடிபட்டால் பாத்திரத்தின் வலிமையும் சுறுசுறுப்பும் தாங்குதிறனும் நேரடியாகக் குறையும். அடுத்த ஆண்டு வந்த 'ரூன்குவெஸ்ட்' கை, கால், தலை என்று உறுப்புக்கு உறுப்பு தனிக் கணக்கு வைத்தது. அனுபவம் ஏறியதற்காக உடம்பு பெருகாது. 1991இன் 'வேம்பயர்' எண்ணையே தூக்கிவிட்டு ஏழு படிகளை வைத்தது. படி இறங்க இறங்க உருட்டும் பகடைகள் குறையும். 2000இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' ஆட்டம் கைகாக்ஸின் கலவையை இரண்டாகப் பிரித்து, விலகித் தப்பும் திறனுக்கு ஒரு கணக்கும் மெய்யான காயத்துக்கு ஒரு கணக்கும் கொடுத்தது. 2017இன் 'பிளேட்ஸ் இன் தி டார்க்' இன்னும் தைரியமானது. கத்திக்குத்து விழுந்துவிட்டது என்று நடத்துநர் அறிவித்த பிறகும், அது நடக்கவிடாமல் தடுத்தேன் என்று ஆட்டக்காரர் சொல்லலாம். அதற்கு விலையாக மன அழுத்தக் கணக்கில் சில கட்டங்களை நிரப்பிக்கொள்ள வேண்டும். கட்டங்கள் ஒன்பதும் நிரம்பினால் அந்தப் பாத்திரம் களத்தைவிட்டு விலகும்.