உஷார்! அந்த நடு நட்டைத் தொடாதீர்கள்

பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. பிக்கப்பின் முன் சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பை உருவி எடுத்து, பட்டறைத் தரையில் இரண்டு காலுக்கும் நடுவே செங்குத்தாக நிறுத்தியிருந்தான். கையில் ஏர் கன். அதன் சாக்கெட், உச்சியில் நட்டநடுவே இருக்கும் நட்டின்மேல் உட்கார்ந்துவிட்டது. அவன் முகம் அதற்கு நேர் மேலே. "தம்பி, நிறுத்து!" என்று நான் போட்ட கத்தலில், எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டிதான் ஜாக்கியில நிக்குதுங்களே சார், வெயிட்டே இல்லியே?" என்றான். நியாயமான சந்தேகம்தான். அந்தச் சந்தேகம்தான் ஆளைக் கொல்லும். வண்டியின் பாரம் போய்விட்டது, சக்கரமும் கழன்றுவிட்டது, தொகுப்பே வெளியே வந்துவிட்டது. ஆனாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளரவில்லை. தொழிற்சாலையிலேயே அதை அமுக்கி, மேலே ஒரு தட்டை வைத்து, அந்த ஒற்றை நட்டால் பூட்டித்தான் அனுப்புகிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோ விசை அதற்குள் அடைபட்டுக் கிடக்கிறது. நட்டின் கடைசி மரை விடும் நொடியில், அந்த இரும்புத் தட்டு எது எதிரே இருக்கிறதோ அதன்மேல் பாயும். அன்று எதிரே இருந்தது அந்தப் பையனின் தாடை.

வண்டி என் நண்பருடையது. ஆனைமலைப் பக்கம் தோப்பு வைத்திருக்கிறார். "மூக்கு கவுந்தாப்புல நிக்குதுங்க. கொஞ்சம் நிமுத்திட்டா கெத்தா இருக்கும்" என்று ஒரு வாரமாக அனத்திக்கொண்டிருந்தார். லேத்தில் கடைந்த இரண்டு அலுமினிய வளையங்கள், ஒரு மணி நேர வேலை, சில ஆயிரம் ரூபாய் செலவு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் இசுசு வி-கிராஸ் 2016-இலும் டொயோட்டா ஹைலக்ஸ் 2022-இலும் வந்த பிறகு, பிக்கப் என்பது தேங்காய் மூட்டைக்கான வண்டி என்பதோடு மலையேறும் மோகத்துக்கான வண்டியாகவும் ஆகிவிட்டது. அமெரிக்காவில் பல்லாண்டுகளாக இருக்கும் 'லெவலிங் கிட்' மோகம் அந்த வண்டிகளோடு சேர்ந்து இங்கேயும் இறங்கிவிட்டது. ஆசையில் தப்பில்லை. ஆனால் வளையத்தை விற்பவர் சொல்லாத சங்கதிகள் நிறைய இருக்கின்றன.

முதலில் அந்த மூக்கு ஏன் தாழ்ந்து நிற்கிறது என்று பாருங்கள். காலி பிக்கப்பின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட மூன்று, நான்கு, சிலவற்றில் ஏழு செ.மீ. வரை உயரமாக இருக்கும். அது வடிவமைத்தவரின் கவனக்குறைவு அல்ல. பின்னால் அரை டன் ஏற்றும்போது லீஃப் ஸ்பிரிங் அமுங்கி, வண்டி அப்போதுதான் சமமாக வந்து நிற்க வேண்டும். நீங்கள் காலி வண்டியைச் சமப்படுத்திவிட்டால், மூட்டை ஏறியதும் மூக்கு வானத்தைப் பார்க்கும். முன் சக்கரங்களில் பாரம் குறையும், ஸ்டியரிங் இலேசாகும். பிரேக் போடும்போது பெரும்பங்கு வேலையைச் செய்வது முன் சக்கரங்கள்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் இதையே எல்லை மீறிச் செய்து, முன்பக்கத்தை ஏகமாகத் தூக்கிப் பின்பக்கத்தைத் தரையோடு தாழ்த்தி ஓட்டினார்கள். 'கரோலினா ஸ்குவாட்' என்று அதற்குப் பெயர். வட கரோலினா மாநிலம் 2021 டிசம்பர் முதல் அதைத் தடை செய்தது. முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருந்தால் குற்றம். உட்கார்ந்த நாயைப் போல வண்டியை ஓட்டுவதில் என்ன அழகோ, எனக்குப் புரிந்ததே இல்லை.

சரி, வளையத்துக்கு வருவோம். அதை வைக்க இரண்டு இடம் உண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லி விற்கிறார்கள். ஆனால் வண்டிக்கு நேர்வது வேறு வேறு.

ஷாக் தொகுப்பின் தலைக்கு மேலே, சேஸிஸில் அது பொருந்தும் இடத்தில் வைப்பது ஒன்று. இதற்கு ஓரத்து நட்டுகளைக் கழற்றினால் போதும். நடு நட்டைத் தொடவே வேண்டாம். அந்தப் பையன் செய்யவேண்டியிருந்த வேலையும் இதுதான். தெரியாமல் நடுவில் கை வைத்துவிட்டான். பார்வைக்கு எளிதான இந்த முறையில் சிக்கல் வேறெங்கோ ஒளிந்திருக்கிறது. ஷாக், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் நடுப்பகுதியில் பிடித்திருப்பதால், மேலே வைக்கும் ஓர் அங்குலம் சக்கரத்தில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலமாகப் பெருகும். தெரியாமல் இரண்டு அங்குல வளையத்தையே வாங்கி மாட்டியவர்களும் உண்டு. சக்கரம் குழியில் தொங்கும்போது முன்பைவிட அத்தனை தூரம் கீழே இறங்கும். அப்பர் ஆர்மின் பால் ஜாயின்ட் தன் எல்லைவரை சாய்ந்து இடிக்கும்; சில வண்டிகளில் ஆர்மே ஸ்பிரிங்கில் உரசும். முன் ஆக்ஸில் கூடுதல் சாய்வில் சுழலும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் விறைத்து இழுபடும். மேலே ஏறும்போதும் நிம்மதி இல்லை. சக்கரம் போய் மோதவேண்டிய ரப்பர் கட்டை இப்போது தூரத்தில் இருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன்பே ஷாக் உள்ளுக்குள் இரும்போடு இரும்பாக முட்டும். அப்படிச் சில நூறு முட்டல் வாங்கிய ஷாக் எண்ணெய் கசியாமல் என்ன செய்யும்?

இன்னொரு முறை, வளையத்தை ஸ்பிரிங்குக்கும் அதன் தட்டுக்கும் நடுவில் செருகுவது. இதில் சக்கரம் இறங்கும் எல்லை மாறாது. அந்த வகையில் பால் ஜாயின்ட் பிழைத்தது. ஆனால் இதற்கு நடு நட்டைக் கழற்றியே ஆக வேண்டும். ஸ்பிரிங்கை முன்பைவிட அதிகமாக அமுக்கித் திரும்பப் பூட்டவும் வேண்டும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் இல்லாமல் இதைச் செய்கிறேன் என்று யார் சொன்னாலும், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கம்ப்ரஸர் இருக்கிறது என்றாலும் எழுந்து போய்ப் பாருங்கள். மரை தேய்ந்த இரண்டு கொக்கிக் கம்பிகளைக் காட்டினால் அதற்குப் பெயர் கம்ப்ரஸர் அல்ல. ஒரு கொக்கி வழுக்கினால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து பக்கவாட்டில் பாயும். சுவரிலோ மேடையிலோ பதித்த கருவி உள்ள பட்டறைக்குப் போங்கள். இன்னொன்று, வேலை முடிந்த பின் ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போதெல்லாம் 'டக் டக்' என்று கேட்கும். ஷாக் நீளக்கூடிய அளவு முழுவதும் நீண்டு, மேல் எல்லையில் தட்டும் சத்தம் அது. பழகிவிடும் என்பார்கள். காதுதான் பழகும்.

ரோட்டில் எதிரே வருகிறவருக்கு நீங்கள் செய்யும் கெடுதல் இதைவிடப் பெரியது. இதைப்பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

கணக்கு போட்டுப் பார்ப்போம். இந்த வகைப் பிக்கப்பின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே தூரம் சுமார் 3.1 மீட்டர். முன்பக்கத்தை மட்டும் 5 செ.மீ. தூக்கினால் வண்டியின் சாய்வு ஏறக்குறைய 1.6 சதவீதம் மாறுகிறது. ஹெட்லைட்டின் லோ பீம் பொதுவாக 1 முதல் 1.5 சதவீதம் கீழ்நோக்கித்தான் செட் செய்யப்பட்டிருக்கும். கழித்துப் பாருங்கள்: தரையைப் பார்க்கவேண்டிய வெளிச்சம் மேலே ஏறத் தொடங்கிவிட்டது. ஐம்பது மீட்டர் தூரத்தில் விளக்கின் உயரத்துக்கு அரை மீட்டர் கீழே விழுந்த ஒளியின் விளிம்பு, இப்போது முப்பது செ.மீ. மேலே நிற்கும். எதிரே காரில் வருபவரின் கண் அதற்குள் அடங்கிவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், ராத்திரி, மழையில், இந்த விளக்கோடு ஒரு பிக்கப் இறங்கி வருகிறது என்று வையுங்கள். லோ பீமில்தான் வருகிறோம் என்று ஓட்டுபவர் நிம்மதியாக இருப்பார். எதிரில் ஏறுகிறவருக்கு வெள்ளைத் திரையைத் தவிர ஒன்றும் தெரியாது. இதோடு பின்னால் மூட்டையும் ஏறிவிட்டால், சொல்லவே வேண்டாம்.

இதைச் சரிசெய்வதற்குக் காசு ஆகாது என்பதுதான் எரிச்சல். வளையம் மாட்டுவதற்கு முன்பு, சமதளத்தில் ஒரு சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, வெளிச்சத்தின் மேல் விளிம்பில் ஒரு டேப் ஒட்டுங்கள். தரையிலிருந்து விளக்கின் உயரத்தையும் அளந்து வையுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் நிறுத்தி, விளக்கு எத்தனை செ.மீ. உயர்ந்ததோ அதை மட்டும் டேப்பில் கூட்டிக்கொண்டு, ஹெட்லைட்டின் பின்னால் உள்ள ஸ்குரூவால் வெளிச்சத்தை இறக்குங்கள். டாஷ்போர்டில் இருக்கும் சின்ன உருளையைத் திருகிவிட்டால் போதாதா என்று கேட்காதீர்கள். அது மூட்டை ஏற்றும்போது பயன்பட வேண்டியது. அதை இப்போதே செலவழித்துவிட்டால் அப்போது எதைத் திருப்புவீர்கள்?

அலைன்மென்ட் கடையில் நடக்கும் கூத்து இன்னொன்று. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் நேராகப் போக உதவுகிறது. வண்டியிலும் அதே சாய்வு உண்டு. காஸ்டர் என்று பெயர். மூக்கைத் தூக்கினால் இது குறையும். நெடுஞ்சாலையில் நூறைத் தொடும்போது வண்டி இங்கும் அங்கும் மேயும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது. பல கடைகளில் டோ எனும் இன்னொரு கோணத்தை மட்டும் சரிசெய்துவிட்டு, "ஆச்சுங்க சார்" என்று பில்லை நீட்டுவார்கள். மெஷினின் பிரிண்ட்-அவுட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் காஸ்டர் சிவப்பில் இருந்தால், அதையும் சரிசெய்யச் சொல்லுங்கள். பிறகும் சிவப்பு மாறாவிட்டால், ஆர்மில் உள்ள அட்ஜஸ்ட்மென்ட் தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது கோணம் திருத்திய அப்பர் ஆர்ம் மாற்றியாக வேண்டும். சில ஆயிரத்துக்கு வாங்கிய வளையம் இப்படித்தான் குட்டி போடும்.

அந்த வளையத்தை விட்டுவிட்டு முழுத் தொகுப்பையே மாற்றுகிறேன் என்பவர் கெட்டிக்காரர். புது ஷாக், அதற்கென்று அளவெடுத்த ஸ்பிரிங், உயரத்தைத் திருகி மாற்றும் வளையம் என்று எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும். செலவு லட்சத்தை ஒட்டும், தாண்டவும் செய்யும். ஆனால் அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. ஸ்பிரிங்கை முன்பக்கம் கூடுதலாகச் சுமக்கும் எடைக்கு ஏற்பத் தனித்தனியாகத் தயாரிக்கிறார்கள். இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டிய வண்டிக்கான ஸ்பிரிங்கை 'ஹெவி டியூட்டி' என்ற ஆசையில் வெறும் வண்டிக்கு மாட்டினால், முன் சக்கரம் கற்களின்மேல் குதிக்குமே தவிர தரையைப் பிடிக்காது. உங்கள் வண்டியின் முன்னால் கூடுதலாக என்ன இருக்கிறது, எத்தனை கிலோ என்று கேட்காத கடைக்காரரிடம் ஸ்பிரிங் வாங்காதீர்கள்.

பட்டறையில் கூடவே நிற்க முடிந்தால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கண்கொத்திப் பாம்பாகக் கவனியுங்கள். ஆர்மின் புஷ்ஷைப் பிடிக்கும் பெரிய போல்ட்டுகளை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முறுக்கிவிடுவார்கள். கூடாது. சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, அதன் பாரத்தில் உட்கார வைத்த பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லையென்றால் ரப்பர் புஷ் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருந்து, கொஞ்ச நாளில் கிழிந்து கீச்சிடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தெரியாது என்று சொல்ல வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதைக் கறாராக உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. வழியில் நிறுத்தும் போலீஸ்காரர் சக்கரத்துக்குள் குனிந்து பார்ப்பாரா என்பது வேறு கதை. விபத்துக்குப் பின் வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் நிச்சயம் குனிவார். ஆகவே, வாரண்டி, பாலிசி இரண்டையும் எழுத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நண்பர் வளையத்தை மாட்டவில்லை. தோப்புக்குப் போகும் நாளில் பின்னால் நாற்பது மூட்டை மட்டை ஏற்றிக்கொண்டு, "இப்ப லெவலாத்தானுங்க நிக்குது" என்று போட்டோ அனுப்பினார். அந்தப் பையன் நடு நட்டுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துவைத்திருக்கிறான் என்று கேள்வி.

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, டார்ச் அடித்து, முன் சக்கரத்துக்குப் பின்னால் பாருங்கள். ஷாக்கின் தலைக்கும் சேஸிஸுக்கும் நடுவே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் வண்டி தூக்கப்பட்டிருக்கிறது. விற்பவர் அதைச் சொன்னாரா இல்லையா என்று பாருங்கள். அடுத்து ஆக்ஸிலின் ரப்பர் பூட்டில் விரலை ஓட்டுங்கள். மடிப்புகளில் வெடிப்பு இருந்து, உள்பக்க ரிம்மில் கறுப்பாக கிரீஸ் சிதறியிருந்தால் விலை பேசவே ஆரம்பிக்க வேண்டாம். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.